கருப்பிக்கு வேலை கிடைக்குமா?

நியூ ஜெர்சியில் மோரிஸ்டவுன் என்றொரு ஊர். ஊருக்கு நடுவில் ஒரு புல்திடல். அதன் ஓரத்தில் ஓர் இளைஞனும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். இளைஞன் கையை முன்னால் நீட்டி 'போகலாம்' என்று சைகை காட்டுகிறான். நாய் புறப்படத் தயாராக இருக்கிறது. போன வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் கருப்பியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிலையைப் பார்க்கப் போனோம். கருப்பி வெண்கல நாயைப் பார்த்து இரண்டு முறை குரைத்தாள். அது அசையவில்லை என்றதும் என் முழங்காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.

"ஒரு சிலைக்கே இந்தப் பாடு. இவளா உன்னை டனலுக்குள்ள கூட்டிட்டுப் போகப் போறா?" என்றாள் மனைவி.

டனல் என்றால் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயில் சுரங்கம். எனக்கு வேலை மன்ஹாட்டனில். இரண்டு வருடம் முன்பு ஒரு குளிர்காலக் காலையில் ரயில் சுரங்கத்துக்குள் நின்றது, விளக்கு அணைந்தது, நாற்பது நிமிடம் கிளம்பவே இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ரயில் சுரங்கத்தை நெருங்கும்போதே நெஞ்சு இறுகும், விரல்கள் மரத்துப்போகும், செத்துவிடுவேன் என்று உறுதியாகத் தோன்றும். முதல் தடவை மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கே போனேன். 'பேனிக் அட்டாக்' என்றார்கள். மாத்திரை, வாரம் ஒரு நாள் தெரபி என்று நாள் ஓடியது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவரை சமாளித்தேன். பிறகு வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வந்தாக வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது.

கருப்பிக்கு நாலு வயது. லாப்ரடாரும் இன்னும் ஏதேதோவும் கலந்தவள். தென் மாநிலம் ஒன்றின் காப்பகத்திலிருந்து வேனில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்ட நாய்களில் ஒன்று. பெயர் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எனக்கு மூச்சு மாற ஆரம்பிக்கும்போது, சில சமயம் எனக்கே தெரிவதற்கு முன்னால், வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வாள். இதை ஒரு நாள் தெரபிஸ்டிடம் சாதாரணமாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவளை சர்வீஸ் டாக்காகப் பழக்க முடியுமா என்று யோசித்ததுண்டா?" என்று கேட்டார்.

எனக்கு எதையும் முதலிலிருந்து படித்தால்தான் புரியும். ஒரு பிழை வந்தால் அதைத் திருத்துவதற்கு முன் அந்தக் கோடை முதலில் எழுதியது யார், எதற்காக எழுதினார் என்று தோண்டிப் பார்ப்பேன். மேனேஜருக்குப் பிடிக்காத குணம் இது. ஒரு வாரத்தில் முடிகிற கேள்வி என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நூறு வருடம் பின்னால் போய் நின்றேன்.

*

கண் தெரியாதவரை நாய் வழிநடத்துவது பழைய காட்சி. வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர் ஒன்றின் சுவரோவியத்திலேயே அப்படியொரு நாய் இருக்கிறது. ஆனால் நாயை முறையாகப் பழக்குவது பற்றி எழுதிவைத்தவர் வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளி நடத்திய யோஹான் வில்ஹெல்ம் க்ளைன். 1819இல் வந்த அவருடைய புத்தகத்தில் நாயின் கழுத்துப் பட்டையோடு ஒரு நீண்ட குச்சியைப் பிணைக்கும் யோசனை இருக்கிறது. கயிறு தொய்யும், குச்சி தொய்யாது. நாயின் உடம்பு திரும்புவதைக் குச்சி வழியாகக் கை அறியும். இன்றைய வழிகாட்டி நாய்களின் முதுகில் இருக்கும் கைப்பிடியின் தாத்தா அந்தக் குச்சிதான். பொறியாளனாக இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருடம் அந்த யோசனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வைத்தது முதல் உலகப் போர். நச்சு வாயுவாலும் குண்டுகளாலும் பார்வை போன ஜெர்மன் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் பார்வை இழந்த ஒருவரோடு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். அவசரமாக உள்ளே கூப்பிட்டார்கள். தன் நாயைத் துணைக்கு விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது நாய் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்ட விதம் அவரை யோசிக்க வைத்தது. இப்படி ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1916 ஆகஸ்டில் ஓல்டன்பர்க் நகரத்தில் அவர் தொடங்கிய பள்ளி நிஜம். இந்தக் கதையில் வருவது டாக்டர் வீட்டு நாய். பள்ளி ஆரம்பித்த பிறகோ நாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது.

ஓல்டன்பர்க்கைத் தொடர்ந்து போட்ஸ்டாமிலும் ஒரு பள்ளி வந்தது. டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அதைப் பார்த்தார். அவர் சுவிட்சர்லாந்தில் மலைமேல் ஒரு பண்ணை வைத்து, போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுகளை வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தான் பார்த்ததை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் எழுதினார். 1927 நவம்பர் 5ஆம் தேதி இதழ். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஓர் அப்பா அந்தக் கட்டுரையைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்டினார். மகன் பெயர் மோரிஸ் ஃப்ராங்க். ஆறு வயதில் ஒரு கண் போனது. பதினாறு வயதில் குத்துச்சண்டை விளையாடப்போய் இன்னொன்றும் போனது. காப்பீடு விற்றுக்கொண்டிருந்த அந்தப் பையன் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினான்: எனக்கு ஒரு நாய் கொடுங்கள், நான் திரும்பி வந்து மற்றவர்களுக்கும் வழி செய்கிறேன் என்று.

1928இல் அவன் கப்பலேறிய விதத்தை மறக்க முடியாது. பார்வையற்றவன் தனியாகப் பயணம் செய்யக்கூடாது என்று அவனை ஒரு பார்சலைப் போலப் பதிவுசெய்து அனுப்பினார்கள். பணியாள் அவனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவானாம். வேண்டும்போது திறந்து நடக்கக் கூட்டிப்போவானாம். அங்கே அவனுக்குக் கிடைத்த பெண் நாயின் பெயர் 'கிஸ்'. நாலு பேர் நடுவில் அப்படிக் கூப்பிட முடியாதென்று 'பட்டி' என்று மாற்றினான்.

அந்த ஜூன் மாதம் நியூ யார்க் துறைமுகத்தில் இறங்கியதும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அகலமான சாலை. லாரிகளும் டாக்சிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும். பாதியிலேயே தனக்குத் திசை தெரியாமல் போய்விட்டது என்றும், அதற்கு மேல் முழுக்க நாயை நம்பி விட்டுவிட்டதாகவும் ஃப்ராங்க் பின்னாளில் சொன்னார். பட்டி முன்னேறினாள், நின்றாள், பின்வாங்கினாள், மறுபடி முன்னேறினாள். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் ஃப்ராங்க் யூஸ்டிஸுக்குக் கொடுத்த தந்தியில் ஒரே ஒரு சொல்தான். வெற்றி.

1929 ஜனவரியில் 'தி சீயிங் ஐ' நாஷ்வில்லில் தொடங்கியது. பிறகு நியூ ஜெர்சிக்கு இடம் மாறியது. இன்றும் மோரிஸ்டவுனில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். பத்து வருடம் இங்கே இருந்துவிட்டேன், இது எனக்குத் தெரியாது.

அந்தச் சாலைக் காட்சியில் வழிகாட்டி நாயின் வேலை முழுசும் இருக்கிறது. 'போ' என்று சொன்னால் போகிற நாயை யார் வேண்டுமானாலும் பழக்கலாம். லாரி வரும்போது 'போ' என்று சொன்னாலும் போகாமல் நிற்க வேண்டும். எஜமானர் தவறாகச் சொல்கிறார் என்று முடிவெடுத்து, அவரைக் கோபப்படுத்தியாவது தடுக்க வேண்டும். புத்திசாலித்தனமான கீழ்ப்படியாமை என்று இதைச் சொல்கிறார்கள். இதைச் செய்ய நாய் எஜமானரின் மனநிலைக்குள் கரைந்துவிடாமல் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். இந்த வரியைக் குறித்து வைத்தேன். அப்போது எனக்கு அதன் பொருள் முழுதாக விளங்கவில்லை.

சாலையைக் கடப்பதைவிடக் கதவைக் கடப்பதுதான் ஃப்ராங்குக்கு நீண்ட வேலையாக இருந்தது. ஹோட்டல்கள், உணவகங்கள், ரயில்கள் எல்லாம் நாயை வெளியே விடச் சொல்லின. ஊர் ஊராகப் போய் வாதாடினார். மேஜைக்கடியில் சத்தமில்லாமல் படுத்திருந்த பட்டிதான் அவருடைய முக்கியமான சாட்சி. 1938இல் பட்டி இறந்தாள். அவருக்கு அடுத்தடுத்து வந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் பட்டி என்றே பெயர். 1956க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் வழிகாட்டி நாய்களைப் பொது இடங்களில் அனுமதித்துச் சட்டம் இயற்றிவிட்டன.

*

வீட்டு நாய்க்கு வேலை கொடுத்துப் பார்த்த மிகப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 1942இல் அமெரிக்க ராணுவத்திடம் போதுமான நாய்கள் இல்லை. 'டாக்ஸ் ஃபார் டிஃபன்ஸ்' என்ற அமைப்பு மக்களிடம் கேட்டது: உங்கள் வீட்டு நாயைப் போருக்குத் தருவீர்களா? கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 19,000 நாய்கள் வந்து சேர்ந்தன. அதில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தை ராணுவம் திருப்பி அனுப்பிவிட்டது. சிலவற்றுக்கு நோய், சிலவற்றுக்கு மோப்பம் போதாது. துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்டவை பல. தன் வீட்டில் புலியாக இருந்த நாய் முகாமுக்கு வந்து நடுங்கியது என்று கடிதம் பெற்ற குடும்பத்தை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு அவமானமாக இருந்திருக்குமா, நிம்மதியாக இருந்திருக்குமா?

தேறியவற்றில் சிப்ஸ் என்ற கலப்பு நாய் பெயர் பெற்றது. நியூ யார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் கொடுத்த நாய். 1943இல் சிசிலியில் இத்தாலிய இயந்திரத் துப்பாக்கிக் குழி ஒன்றுக்குள் பாய்ந்து அங்கிருந்தவர்களைச் சரணடைய வைத்தது. வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். நாய்க்கெல்லாம் பதக்கமா என்று பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். போர் முடிந்ததும் சிப்ஸும் மற்ற நாய்களும் மறுபடி வீட்டு வாழ்க்கைக்குப் பழக்கப்பட்டு வீடு திரும்பின. மனிதச் சிப்பாய்களுக்கு அப்படி ஒரு மறுபயிற்சி அந்த அளவு கவனமாக நடந்ததா என்று கேட்டால், இல்லை.

போருக்குப் பிறகு கேள்வி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது. கலிபோர்னியாவில் சான் ரஃபேலில் இருந்த வழிகாட்டி நாய்ப் பள்ளிக்கு ஒரு தலைவலி. பயிற்சிக்கு எடுக்கும் நாய்களில் பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். அங்கே தன்னார்வலராக இருந்த கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்துக்கு உதவி கேட்டுப் போனார். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அங்கே ஐந்து இன நாய்களை வைத்துக் குணம் எப்படி உருவாகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1965இல் வந்த அவர்கள் புத்தகத்தின் மையக் கண்டுபிடிப்பு ஒன்று: நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாக அது பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள், மிதித்த தரைகள் உலகத்தின் இயல்பான பாகங்கள் ஆகிவிடுகின்றன. ஜன்னல் மூடிய பிறகு வருவதெல்லாம் அந்நியம்.

பள்ளி அதன்படி குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. தேறிய குட்டிகளைக் கொட்டிலில் வைத்திருக்காமல் கிராமத்துப் பிள்ளைகளின் வீடுகளில் வளர விட்டது. சோதனையில் தேறியும் கொட்டிலில் சில வாரம் அதிகமாகத் தங்கிவிட்ட குட்டிகள் பின்னால் வழிகாட்டிகளாகத் தோற்றதை ஃபாஃபென்பெர்கர் பதிவுசெய்திருக்கிறார். சில வாரம்தான்!

இதைப் படித்த இரவு கருப்பியின் காப்பகக் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'சாலையோரத்தில் கிடைத்தது, வயது சுமார் ஐந்து மாதம்' என்று இருந்தது. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

*

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைபாடு. மனசுக்கு நாய் என்பது வேறு பாதையில் வந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் குவேக்கர்கள் 1796இல் திறந்த மனநலக் காப்பகத்தில் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் விட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலம் அது. நியூ யார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளரின் நாய் ஜிங்கிள்ஸ், யாரிடமும் பேசாத ஒரு பையன் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட நாளில், தற்செயலாக அறையில் இருந்தது. பையன் நாயோடு பேசினான். 1961இல் உளவியலாளர்கள் மாநாட்டில் லெவின்சன் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். நாய்க்கும் சம்பளத்தில் பங்கு கொடுக்கிறீர்களா என்ற அளவுக்குக் கிண்டல்.

ஆனால் ஜிங்கிள்ஸ் டாக்டருடைய நாய். நோயாளியோடு தெருவுக்கும் கடைக்கும் போகிற நாய் என்ற எண்ணம் வர இன்னும் முப்பது வருடம் ஆனது. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், உடல் குறைபாட்டோடு மனக் குறைபாட்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் மேலே ஏறியது. ஜோன் எஸ்னைரா என்ற மரபியலாளர் தன் இருமுனை மனநோய் அனுபவத்திலிருந்து பேசி, மனநல சேவை நாய்களுக்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். ஜோன் ஃப்ரோலிங் என்பவர், இப்படிப்பட்ட நாய் என்னென்ன வேலை செய்ய முடியும் என்று பொறுமையாகப் பட்டியல் போட்டார். கெட்ட கனவிலிருந்து எழுப்புவது. நேரத்துக்கு மாத்திரையை நினைவூட்டுவது. மயங்கி உறைந்து நிற்பவரை வாசலை நோக்கி நடத்திச் செல்வது. மடியில் தன் எடையை அழுத்திப் படபடப்பைத் தணிப்பது. எல்லாம் பழக்கித்தர வேண்டிய வேலைகள். 'பக்கத்தில் இருந்தாலே ஆறுதலாக இருக்கிறது' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததுதான் முக்கியம்.

2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்தக் கோட்டைச் சட்டமாகவே போட்டுவிட்டன. மனநல சேவை நாய் என்பது சேவை நாய்தான். ஆறுதல் மட்டும் தரும் நாய் சேவை நாய் அல்ல. அரசு ஓர் உதாரணமும் தருகிறது: பதற்றம் வரப்போவதை உணர்ந்து, அதைத் தடுக்கக் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ய நாய் பழக்கப்பட்டிருந்தால் அது சேவை நாய். வெறுமனே கூட இருப்பது உங்களுக்கு ஆறுதல் என்றால் அல்ல.

அப்படியானால் பாதத்தின் மேல் தாடையை வைக்கும் கருப்பி எந்தப் பக்கம்? அவள் உணர்கிறாள், செயலும் செய்கிறாள். ஆனால் யாரும் பழக்கவில்லை. பழக்கிவிட்டால் கோட்டைத் தாண்டிவிடலாம் போலிருந்தது. நாயைச் சொந்தமாகவே பழக்கிக்கொள்ள இந்தச் சட்டம் அனுமதிக்கிறது. சான்றிதழ் தேவையில்லை, பதிவு தேவையில்லை. கடைக்காரர் உங்களிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம். இது குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டிருக்கிறது? அவ்வளவுதான். உங்கள் நோய் என்ன என்று கேட்கக் கூடாது. செய்து காட்டு என்று சொல்லக் கூடாது.

எதற்கெடுத்தாலும் காகிதம் கேட்கும் உலகத்தில் வளர்ந்தவன் நான். ரேஷன் கார்டிலிருந்து விசாவரை அட்டெஸ்டேஷன் வாங்கியே பாதி ஆயுள் போயிருக்கிறது. ஒருவர் வாய்ச்சொல்லை நம்பு என்று சொல்லும் சட்டத்தைப் படித்துக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடமே அதில் உள்ள ஓட்டையையும் பார்த்தேன். அதுவும் தொழில் புத்தி.

அந்த ஓட்டைக்குள் ஒரு சந்தையே ஓடுகிறது. பணம் கட்டினால் சான்றிதழ், அடையாள அட்டை, சிவப்பு அங்கி எல்லாம் வீட்டுக்கு வரும். சட்டத்தில் இவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை. விமானத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தனிச் சட்டம். ஆறுதல் பிராணிகளையும் ஏற்ற வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் எங்கள் நெவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து நின்றார். ஏற்றவில்லை. 2021 ஜனவரியிலிருந்து விமானங்களிலும் நாய் மட்டுமே சேவைப் பிராணி, ஆறுதல் பிராணிக்கு இடமில்லை என்று ஆனது. மயிலைப் பார்த்து ஊரே சிரித்ததில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. அதே விதி மனநல சேவை நாயைப் பார்வையற்றவரின் நாய்க்குச் சமமாக வைத்தது. அதுவரை மனநோயாளிக்கு மட்டும் தனியாக மருத்துவர் கடிதம் கேட்டு, முன்கூட்டியே தகவலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்னைராவின் சங்கம் 2009இலேயே இதை எதிர்த்து மனு போட்டிருந்தது.

சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி நானும் அந்தச் சிவப்பு அங்கியை வண்டியில் போட்டேன். மார்புச் சுற்றளவுகூட அளந்தாகிவிட்டது. திங்கட்கிழமை அலுவலகம். இரண்டு கேள்விக்கும் பதில் எனக்கு மனப்பாடம். பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் நின்றுபோனதற்கு நேர்மை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கருப்பி ரயிலில் யாரையாவது பார்த்துக் குரைத்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. பட்டி மேஜைக்கடியில் சத்தமில்லாமல் படுத்திருந்ததால்தான் அந்தக் கதவுகள் திறந்தன. கருப்பி குரைத்தால் அடுத்த பெட்டியில் வரும் உண்மையான வழிகாட்டி நாயை நடத்துனர் சந்தேகமாகப் பார்ப்பார்.

*

மனநல சேவை நாய் உண்மையில் வேலை செய்கிறதா என்ற கேள்வியை அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை பல வருடம் இழுத்தடித்தது. பார்வையற்ற வீரருக்கு நாய்ச் செலவைக் கொடுத்தது. போரின் மன அதிர்ச்சியோடு வந்தவருக்கு, ஆதாரம் போதாது என்று 2012இல் கையை விரித்தது. ஆதாரம் தேடி அவர்களே தொடங்கிய ஆய்வு நடுவில் நின்றது. கொடுக்கப்பட்ட நாய்களில் சில வீட்டுக் குழந்தைகளைக் கடித்துவிட்டன. குணத்தைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்ததன் விலை அது. ஒழுங்குபடுத்தி மறுபடி நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை பழகிய நாய் பெற்றவர்களுக்கும் நல்ல குணமுள்ள ஆறுதல் நாய் பெற்றவர்களுக்கும் அன்றாட வாழ்க்கையை நடத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மன அதிர்ச்சியின் அறிகுறிகளில் சேவை நாய்க்குச் சற்றே கூடுதல் பலன். அந்த வருடமே, வீரர்கள் நாய்களைப் பழக்குவதையே சிகிச்சையாகச் சோதித்துப் பார்க்க ஒரு சட்டம் வந்தது.

இரண்டு பக்கத்துக்கும் தீனி போடும் முடிவு இது. எனக்கு இதிலிருந்து கிடைத்தது வேறு. ஒப்பிடப்பட்ட இரண்டு வகை நாய்களுமே கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பயந்த நாய் அந்த ஆய்வின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பயந்த நாயைத் தேடிப்போனால் பாவ்லோவிடம்தான் போக வேண்டும். மணி அடித்தால் எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாவ்லோவ். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நெவா ஆறு பெருகியது. ஆய்வகத்துக் கூண்டுகளில் வெள்ளம் ஏறியது. பணியாளர்கள் நீந்திப் போய், கூண்டின் மேற்பகுதியில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த நாய்களைத் தண்ணீருக்குள் இழுத்து, கதவு வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். எல்லாம் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் அதுவரை கற்றது அத்தனையும் மறந்துவிட்டன. மணி அடித்தால் எச்சில் ஊறவில்லை. சில நாய்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, பழையபடி வேலைக்கு வந்துவிட்டன. ஒரே வெள்ளம், ஒரே கூண்டு. பாதிக்கப்பட்ட நாய் ஒன்றை வாரக்கணக்கில் தேற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, சோதனை அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டுப் பார்த்தார்கள். நாய் மறுபடி உடைந்தது.

கதவுக்கு அடியில் கசியும் அந்தத் தண்ணீரைப் படித்தபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். விளக்கு அணைந்த பெட்டியில் என்னோடு இருந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். மறுநாள் எல்லோரும் அதே ரயிலில் வேலைக்குப் போயிருப்பார்கள்.

*

பிப்ரவரியில் ஒரு பயிற்சியாளரைக் கண்டுபிடித்தோம். ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் அங்கியைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. ஹோம் டிப்போ வாசலுக்கு வரச் சொன்னார். தள்ளுவண்டிகள் மோதும், பலகைகள் விழும், எல்லா வகை மனிதர்களும் நடமாடும் இடம். "பயப்படுதாங்கிறது கேள்வி இல்ல, பயந்ததிலிருந்து எவ்வளவு நேரத்துல திரும்பி வருதுங்கிறதுதான் கேள்வி" என்கிற மாதிரி சொன்னார். நல்ல வேலை நாய் திடுக்கிடும், இரண்டு விநாடியில் சத்தம் வந்த இடத்தை மோந்து பார்க்கப் போகும். இதற்கென்றே பிறந்து வளர்க்கப்படும் குட்டிகளில்கூடப் பாதிக்குப் பாதி கழிந்துவிடும் என்றார்.

ஒரு தள்ளுவண்டி வரிசை மோதியது. கருப்பி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் பத்து விநாடி கழித்து எழுந்தாள், காருக்குப் போக இழுத்தாள். இரண்டாம் வாரம் மூன்றரை நிமிடம். மூன்றாம் வாரம் மறுபடி நாலு. எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். கோடு எங்கேயும் இறங்கவில்லை.

நாலாவது வாரம், அங்கேயே, எனக்கு அட்டாக் வந்தது. காரணம் ஒன்றும் இல்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கருப்பி வந்தாள், பாதத்தின் மேல் தாடையை வைத்தாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே, காது பின்னால், கண்ணில் வெள்ளை. அத்தனை நாள் வீட்டில் நான் என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்ததில் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

பயிற்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சரியாகும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார். "உங்களை அவ நல்லா படிக்கிறா. நான் பார்த்த நாய்கள்ல அருமையா படிக்கிறவங்கள்ல ஒருத்தி. ஆனா நீங்க கீழ விழும்போது அவளும் கூடவே விழுறா. உங்களுக்கு ஆறுதல் சொல்ல வரல, ஆறுதல் கேட்டு வர்றா. இவளை ரயில்ல தினம் ரெண்டு வேளை கூட்டிட்டுப் போகலாம், போவா. நீங்க கூப்பிட்டா எங்க வேணும்னாலும் வருவா. அதுதான் பிரச்சினை."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஓட்டினாள். கருப்பி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் மனைவி, "அப்ப இவளுக்கு வேலை கிடைக்கல" என்றாள்.

"ஃபர்ஸ்ட் ரவுண்ட்லயே அவுட்" என்றேன். இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் படகில் போகிறேன். ஹட்சனுக்கு மேலே போகும் படகு, கூடுதல் காசு. ஒரு நாள் ரயிலில், தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, எண்ணிக்கொண்டே போகிறேன். மூன்றாவது நாளுக்கு மருத்துவர் கடிதத்தோடு மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜூலை 4 அன்று பட்டாசு வெடித்தபோது கருப்பி வழக்கம்போல் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தொட்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை அழுத்தி வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

போன வாரம் ஒரு பயிற்சி நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிரப்பினேன். அவர்களே வளர்த்துப் பழக்கிய நாய், வரிசையில் இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு கேள்வி: வீட்டில் வேறு நாய் இருக்கிறதா, அதன் குணத்தை விவரிக்கவும். கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம். நான் எழுதியது அறுநூறைத் தாண்டிவிட்டது, குறைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். கருப்பி மேஜைக்கடியில் படுத்திருக்கிறாள். அவளுக்கு வரப்போகிற அந்த நாயைப் பிடிக்குமா என்று இன்னும் கேட்கவில்லை.